ஆளுக்கு அரைக் கிலோ

என் தம்பிக்கு இடுப்பு இருபத்தாறு அங்குலமாக இருந்தபோது எல்லோரும் அவனை நூல் என்று கூப்பிட்டார்கள். இருபத்தெட்டு ஆனதும் கயிறு என்றார்கள். முப்பத்திரண்டைத் தொட்டதும் வடம். பெயர் வைத்தவை அவன் பயிற்சி செய்த ஜிம்மில் இருந்த வேலையற்ற வாய்கள். ஆனாலும் அளவு சரியாகத்தான் இருந்தது, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் நாடாவைப் பிடித்தவள் நான். பதினேழு வருடம் அவன் தொழிலாகக் குத்துச்சண்டை போட்டான். அத்தனை வருடமும் ரிங்கில் அவன் அணிந்த கால்சட்டை என் மெஷினில் தைத்தது.

நான் தையல்காரி. பெரும்பாலும் திரைச்சீலைகள். ஹோட்டல், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று ஜன்னல் இருக்கிற இடமெல்லாம் எனக்கு வேலை உண்டு. மூன்றாவது மாடியில் இரண்டு அறையும் ஒரு குறுகலான நடையும் உள்ள வீடு. முன்னறையில் ஜன்னலோரம் மெஷின், பக்கத்தில் துணி வெட்டும் பெரிய மேசை. உள்ளறை தம்பிக்கு. அம்மா போனபோது அவனுக்குப் பதினொன்று, எனக்குப் பதினேழு. அப்பா அதற்கு முன்பே வேறொரு வீட்டுக்கு அப்பாவாகப் போய்விட்டிருந்தார். அவரைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு வாயும் வலிக்கும், மனசும் வலிக்கும்.

சாப்பாட்டு மேசை வாங்க வசதி இல்லை. வெட்டுகிற மேசையில் துணியை ஒதுக்கிவிட்டு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். நான் கத்தரிக்கோலைத் தேடத் திரும்பினால் போதும், என் தட்டில் இருக்கும் முட்டை அவன் வாய்க்குப் போய்விடும். திரும்பிப் பார்த்தால் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகம். திட்டிக்கொண்டே இன்னொன்று அவிப்பேன். அந்த மேசையில் நாங்கள் சிரித்த சிரிப்புதான் எங்களுக்கு இருந்த குடும்பம்.

பக்கத்துத் தெருவில் டயர் கிடங்குக்கு மேலே அந்த ஜிம் இருந்தது. மாஸ்டர் பகலெல்லாம் பஸ் டெப்போவில் மெக்கானிக், சாயங்காலம் பையன்களுக்குக் குத்துச்சண்டை சொல்லித்தருவார். தம்பிக்குப் பத்தொன்பது வயதானபோது அவர் என் மெஷினுக்கு எதிரே வந்து நின்றார்.

"உன் தம்பிக்கு கை நல்லா இருக்கு, கால் அதைவிட நல்லா இருக்கு. ஆனா வயித்தைக் கட்டணும். கட்டுவானா?"

"நாங்க கட்டாத வயிறா மாஸ்டர்?" என்றேன். நல்ல பதில் சொல்லிவிட்டதாக எனக்குப் பெருமை வேறு.

குத்துச்சண்டையில் ஆளோடு ஆள் மோதுவதற்கு முன் எடையைப் பார்க்கிறார்கள். தம்பி இருந்த வகுப்புக்கு ஐம்பது கிலோ எண்ணூறு கிராம் உச்சவரம்பு. ஐம்பது கிராம் கூட இருந்தாலும் சண்டை இல்லை. சண்டைக்கு முந்தைய நாள் மதியம் அதிகாரிகள் முன்னால் தராசில் ஏறி நிற்க வேண்டும். தம்பியின் சாதாரண எடை ஐம்பத்தாறு. ஒவ்வொரு சண்டைக்கும் ஐந்து வாரத்தில் ஐந்து கிலோவுக்கு மேல் இறக்குவான். முதல் மூன்று வாரம் சோறு குறையும், நாலாவது வாரம் உப்பு போகும், கடைசியில் தண்ணீரும் போகும். எச்சிலைக்கூடக் கோப்பையில் துப்பிக்கொண்டிருப்பான்.

அந்த வாரங்களில் மட்டும் மேசையில் உட்கார மாட்டான். அவித்த முட்டையை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். அடுத்தவர் மெல்லுகிற சத்தம் கேட்டால் அழுகை வருகிறது என்றான். அதனால் அவன் முட்டையை அவிப்பதோடு சரி, எனக்கென்று நான் வீட்டில் அடுப்பே பற்றவைக்க மாட்டேன். எதிர் வீட்டுக்காரி ஒருநாள் என்னைப் படியில் நிறுத்தி, "ரெண்டு பேரும் காத்தைக் குடிச்சுதான் உயிர் வாழறீங்களா?" என்று கேட்டாள். நான் பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டியைத் தின்று, வாயைக் கொப்பளித்துவிட்டு மாடி ஏறுவேன். இதைத் தம்பியிடம் சொன்னதில்லை.

எடை பார்ப்பதில் அவனுக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒரே தராசு. ஜிம் தராசில் ஆளாளுக்குச் சாய்ந்து நின்று அது குடிகாரன் மாதிரி ஆகிவிட்டது என்பான். வீட்டு நடையில் தரை சமமாக இருந்த ஒரே இடத்தில் தன் தராசை வைத்திருந்தான். வெளியூர் போனாலும் துண்டில் சுற்றி அதையே எடுத்துப்போவான். அக்கா நடமாடுகிற நடையாயிற்றே, வெற்று உடம்போடு நிற்கக் கூச்சம். கனத்த துண்டுத் துணியில் நான் தைத்துக்கொடுத்த அங்கியோடுதான் ஏறுவான். அங்கியின் எடை தொள்ளாயிரம் கிராம். தராசு காட்டுவதில் தொள்ளாயிரத்தைக் கழித்துச் சுவரில் பென்சிலால் எழுதுவான். அந்தச் சுவர் முழுக்க எண்கள்தான்.

இருபத்து மூன்றாவது வயதில் ஒருமுறை எடை தவறிவிட்டது. இருநூறு கிராம் அதிகம். இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். வியர்க்க வைக்கும் ரப்பர் உடுப்பைப் போட்டுக்கொண்டு ஹோட்டல் படிக்கட்டில் ஏறி ஏறி இறங்கினான். தலையை மழித்தார்கள். அப்போதும் அறுபது கிராம் நின்றது. ஒன்பதாவது மாடியில் அவன் கால் மடங்கி உட்கார்ந்ததைப் பார்த்து டாக்டர் போதும் என்று சொல்லிவிட்டார். சண்டை ரத்து. வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. கதவுக்கு வெளியே தட்டை வைப்பேன். காலையில் வைத்தது சாயங்காலமும் அப்படியே இருக்கும். அந்த ஒன்பது நாளில் எனக்கு வந்த பயம் அம்மா செத்தபோதுகூட வந்ததில்லை.

அடுத்த வருடம்தான் பெல்ட்டுக்கான சண்டை வந்தது. அந்த வகுப்பில் நாட்டிலேயே முதல் ஆள் யார் என்று முடிவாகும் சண்டை. பத்து ரவுண்டு. பதினெட்டு சண்டை போட்டுப் பதினேழில் ஜெயித்திருந்தான். மாஸ்டர் நடையில் நின்று தம்பியிடம் அடித்துச் சொன்னார்.

"எடை பாக்கற அதிகாரிங்க இருக்காங்களே, அவங்க தராசு அரைக் கிலோ கூடக் காட்டும். எனக்கு நல்லாத் தெரியும். அதனால உன் தராசுல ஐம்பது முந்நூறு வந்தாத்தான் நமக்கு நிம்மதி."

"சரி மாஸ்டர்" என்றான் தம்பி. வாய் உலர்ந்திருந்ததால் அவன் பேச்சே குறைந்துபோயிருந்தது.

எனக்கு மட்டும் அதில் நிம்மதி வரவில்லை. அறுபது கிராமுக்காக ஒன்பது நாள் கிடந்தவன் இந்த முறை தவறினால் என்ன ஆவான்? சூடு கண்ட பூனை நான். கடைசி வாரம், அவன் ஜிம்முக்குப் போயிருந்த ஒரு மதியம், அந்த அங்கியை மெஷினில் எடுத்துப் போட்டேன்.

திரைச்சீலை காற்றில் பறக்காமல் நேராகத் தொங்க அடிமடிப்புக்குள் ஈயத் துண்டுகளை வைத்துத் தைப்போம். பெரிய ஹோட்டல் திரைகளுக்கு வைக்கும் துண்டு ஒன்று இருபத்தைந்து கிராம், பட்டன் போலத் தட்டையாக இருக்கும். அங்கியின் அடிமடிப்பைப் பிரித்து இருபது துண்டுகளை வரிசையாக வைத்துத் தைத்தேன். அரைக் கிலோ. அவன் வழக்கம்போல் தொள்ளாயிரத்தைக் கழிப்பான், தன் எடை அரைக் கிலோ அதிகம் என்று நினைப்பான், இன்னும் கொஞ்சம் இறக்குவான், தராசில் தவறவே மாட்டான். இதுதான் என் மூளை போட்ட திட்டம். பெரிய மந்திரி மூளை.

மறுநாள் காலை அங்கியை மாட்டிக்கொண்டு நின்றபோது, "உடம்பே கனமா இருக்குக்கா" என்றான். பட்டினி கிடப்பவனுக்கு எல்லாமே கனம்தான் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். சுவரில் எழுதிவிட்டு, காய்ந்த உதட்டைத் துடைத்துக்கொண்டு, ரப்பர் உடுப்போடு மறுபடி ஓடப் போனான்.

எடை பார்த்த கூடம் ஒரு ஹோட்டலில். எங்கே போனாலும் எனக்கு முதலில் கண் போவது திரைச்சீலைக்குத்தான். அங்கே எல்லாத் திரையும் ஆடாமல் தொங்கின. தம்பி அங்கியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுத் தராசில் ஏறினான். விலா எலும்பை எண்ணலாம். அதிகாரி குனிந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"நாற்பத்தொன்பது முந்நூறு."

கூடத்தில் ஒரு சலசலப்பு. வரம்புக்கு ஒன்றரைக் கிலோ கீழே. அப்படி யாரும் வருவதில்லை. எதிராளி சரியாக ஐம்பது எண்ணூறில் நின்றான், கன்னத்தில் ரத்த ஓட்டத்தோடு. நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி யாரையும் பார்க்கவில்லை. அந்த ஒன்றரையில் என் அரை போக மீதி ஒரு கிலோ எங்கே போனது என்று எனக்கு அப்போது யோசிக்கத் தோன்றவில்லை. திருடினவளுக்குத் தன் மடியில் இருப்பது மட்டும்தான் தெரியும். அன்று என் மடியில் அந்த அங்கி இருந்தது.

உடனே தண்ணீரும் சூப்பும் கொடுத்தோம். அளவுக்கு மேல் காய்ந்த உடம்பு வாங்க மறுத்தது. குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தான். மறுநாள் சண்டையில் முதல் ஆறு ரவுண்டு அவனுடையது. அந்த ஆறு ரவுண்டை இன்றைக்கும் என்னால் கண்ணை மூடிக்கொண்டு பார்க்க முடியும். எதிராளியின் குத்து விழுகிற இடத்தில் அவன் இருக்கவே மாட்டான். ஏழாவதில் கால் கனத்தது. எட்டாவதில் அவன் மேல் வியர்வையே இல்லை, வியர்க்க உடம்பில் தண்ணீர் இல்லை. ஒன்பதாவதில் இரண்டு முறை விழுந்தான். இரண்டாவது முறை எழுந்து நின்றுவிட்டான், ஆனால் திரும்பி நின்றது எதிராளி இல்லாத பக்கம். ரெஃப்ரி அவனைக் கட்டிப்பிடித்து நிறுத்தினார்.

உடை மாற்றும் அறையில் பெஞ்சில் உட்கார்ந்து, "என் தப்புதான்" என்றான். மாஸ்டர் குனிந்து அவன் கையில் சுற்றிய துணியைப் பிரித்தார். அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். அவன் முகம் இருந்த இருப்பில் முடியவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனதும் அங்கியைப் பிரித்து ஈயத்தை எடுத்துவிடலாம் என்றும் நினைத்தேன். அதற்குள் அவன் அங்கியை, அன்று கையில் சுற்றிய துணியோடு சேர்த்து ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டான். சாவியை எங்கே வைத்தான் என்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகுதான் அது ஆரம்பித்தது. சண்டை இல்லாத மாதத்திலும் அவன் மேசைக்கு வரவில்லை. தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். காலித் தட்டோடு வெளியே வருவான். பேசுவான், சிரிப்பான், ஊசியில் நூல் கோத்துக்கூடக் கொடுப்பான். என் எதிரே உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட மாட்டான். எனக்குப் புரிந்துவிட்டது, நான் ஈயம் வைத்தது அவனுக்குத் தெரிந்துவிட்டது. எப்படியோ கண்டுபிடித்துவிட்டான், கேட்காமல் தண்டிக்கிறான் என்று முடிவு கட்டினேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அவன் அந்த மேசையில் மறுபடி உட்கார வேண்டும். அதற்கு நான் வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் இருக்கிற தம்பியும் போய்விடுவானோ என்ற பயத்தில் மென்று முழுங்கினேன்.

அந்த உடம்பு இனி ஐம்பதுக்கு இறங்காது என்று டாக்டர் சொன்னார். தம்பி ஐம்பத்து மூன்றரைக் கிலோ வகுப்புக்குப் போனான். அங்கே ஐந்து சண்டை. பிறகு ஐம்பத்தேழு. நான் கால்சட்டையின் இடுப்பைப் பிரித்து விட்டேன், ஜிம்மில் அவன் கயிறு ஆனான். மேலே போனால் வயிறாரச் சாப்பிடலாம் என்றுதான் நினைத்தோம். உடம்பு விடுமா? அதுவும் கூடவே ஏறியது. ஐம்பத்தேழுக்கு அறுபத்து மூன்றிலிருந்து இறங்கினான். அவன் எலும்பு ஐம்பதுக்குப் படைத்தது. மேலே உள்ளவர்களுக்குக் கை நீளம், தோள் அகலம். அவர்களுடைய ஒரு குத்துக்கு இவன் மூன்று குத்த வேண்டியிருந்தது. ஐம்பத்தேழில் போட்ட எட்டுச் சண்டையில் ஐந்து ஜெயித்தான். பெல்ட் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அந்த நாட்களில்தான் கல்யாணம். டெப்போவில் டிக்கெட் கவுன்டரில் இருந்த பெண், மாஸ்டர் மூலமாக வந்தாள். நல்லவள். இரண்டு தெரு தள்ளி வீடு எடுத்தார்கள். தகரப் பெட்டியும் அவனோடு போனது. இரண்டு வருடம் கழித்து அவள் என்னிடம் வந்து மேசையோரம் உட்கார்ந்தாள்.

"அண்ணி, அவர் என்கூட சண்டையே போடலை. குடிக்கலை, கை நீட்டலை. ஆனா ஒருநாள்கூட என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டதில்லை. வீட்ல நான் சாப்பிடறதே எனக்குத் திருடற மாதிரி இருக்கு. என்கிட்ட என்ன குறைன்னு கேட்டா, உன்கிட்ட ஒண்ணும் இல்லைங்கறார்."

குறை யாரிடம் என்று எனக்குத் தெரியும் என நினைத்தேன். அவளிடமாவது சொல்லியிருக்கலாம். "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா" என்றேன். அவள் இன்னும் ஒரு வருடம் பொறுத்தாள். பிறகு ஒரு பையோடு அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். அவன் போய்க் கூப்பிடவும் இல்லை. என் அரைக் கிலோ எத்தனை பேர் தட்டில் விழுந்தது பாருங்கள்.

அறுபத்தொரு கிலோ வகுப்பில் அவன் வடம். அந்த வகுப்பில் அவனுக்கு வேறு மாதிரி வேலை. வளர்ந்து வரும் பையனுக்கு ஒரு வெற்றி தேவைப்பட்டால் தம்பிக்குப் பத்து நாள் முன்னால் ஆள் விட்டுச் சொல்லி அனுப்புவார்கள். அனுபவம் உள்ளவன், நேர்மையாகக் குத்துவான், முடிவில் தோற்பான். மாஸ்டர் அது பிடிக்காமல் விலகிவிட்டார். வேறு யாரும் இல்லாததால் தம்பி தனியாகவே பஸ் ஏறிப் போவான். தராசைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வான். ரிங் மூலையில் வாளி பிடிக்க அந்தந்த ஊரிலேயே யாராவது நிற்பார்கள். சண்டை முடிந்து யாரோடும் கைகுலுக்காமல் வாடகை அறையில் ரொட்டி தின்று தூங்கிவிட்டு வருவான். கடைசி இரண்டு சண்டை அறுபத்தாறரையில். முப்பத்தாறாவது வயதில், தன்னைவிட ஒரு தலை உயரமானவன் கையால் இடது கண் பாதி மங்கியதும் நிறுத்தினான்.

பார்சல் ஆபீசில் எடை போடும் வேலை கிடைத்தது. சிரித்துக்கொண்டேதான் சொன்னான், "வாழ்க்கை முழுக்க தராசுல நான் ஏறினேன், இப்ப மத்ததையெல்லாம் ஏத்தறேன்." ஆபீசுக்குப் பக்கத்திலேயே ஒரு அறை. ஞாயிற்றுக்கிழமை தோறும் மதியம் என் வீட்டுக்கு வருவான், மெஷினுக்கு எண்ணெய் விடுவான், நான் டப்பாவில் போட்டுக் கொடுக்கும் சாப்பாட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவான். சூடாக இருக்கும்போதே ஒரு வாய் சாப்பிடேன்டா என்பேன். "அங்க போய்ச் சாப்பிட்டுக்கறேன்க்கா." அவன் படியிறங்கும் சத்தம் அடங்கிய பிறகு நான் மேசையில் தனியாக உட்காருவேன். ருசி என்ன ருசி, வயிற்றுக்குப் போடுவதுதான்.

போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் ஒரு பொட்டலத்தோடு வந்தான். பிரித்தான். அந்த அங்கி.

"ஆபீஸ்ல சாமான் இறக்குற வாசல்ல குளிர் தாங்கலை. பெட்டியைத் திறந்தேன். தோள்ல தையல் விட்டிருக்கு, தச்சுக் குடு." அங்கியைக் கையில் தூக்கிப் பார்த்து, "ஆனா இது ஏன்க்கா இவ்வளவு கனமா இருக்கு? ஆபீஸ் தராசுல போட்டேன். ஆயிரத்து நானூறு காட்டுது. அப்ப தொள்ளாயிரம்தானே?"

பதினான்கு வருடம். ஈரம் என்று சொல்லியிருக்கலாம், அழுக்கு என்று சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான், அல்லது நம்பின மாதிரி இருந்திருப்பான். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள். எனக்குக் கனம் சுமந்து சுமந்து இடுப்பே ஒடிந்துபோயிருந்தது. சின்னக் கத்தரியை எடுத்து அடிமடிப்பைப் பிரித்தேன். ஈயத் துண்டுகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தேன். இருபது.

"நான்தான் வச்சேன். பெல்ட் சண்டைக்கு முன்னாடி. நீ எடை தவறிடக்கூடாதுன்னு வச்சேன். உன்னைத் தோக்கடிச்சது அவன் இல்லடா, நான்."

அவன் ஒரு துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தான். முகத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இருபதையும் ஒவ்வொன்றாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தான். டப்பாவை எடுக்காமல் படியிறங்கிப் போனான்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு நான் பார்சல் ஆபீஸ் வரை போய், எதிர்ச் சாரியில் நின்று, மூடியிருந்த ஷட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் மூடியிருக்கும் என்பது தெரியாதா எனக்கு? தெரியும். போக வேறு இடம் இல்லாமல் போனேன். அன்று சமைத்ததை அப்படியே கொட்டினேன். ஒண்டிக்கட்டை என்று ஊரார் சொல்லும்போது மனசில் ஏறாதது அன்று ஏறியது.

நான்காவது ஞாயிறு நான் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது கதவு தட்டப்பட்டது. தம்பி நின்றான். வந்து மேசைக்கு எதிர்ப்புறம், துணி மூட்டை மேல் உட்கார்ந்தான்.

"மாஸ்டரைத் தேடிப் போனேன்" என்றான். "அவர் பொண்ணு வீட்ல இருக்கார். இந்த ஈயத்தைக் காட்டி, அக்கா இப்படிப் பண்ணியிருக்கான்னு சொன்னேன். பார்த்துட்டு அழ ஆரம்பிச்சிட்டார்."

"அவர் ஏன் அழறார்?"

"அவங்க தராசு அரைக் கிலோ கூடக் காட்டும்னு சொன்னாரே, அது பொய்யாம். தராசு சரியாத்தான் இருந்துச்சாம். நான் எடை தவறிடக்கூடாதுன்னு அவரா ஒரு அரைக் கிலோ சேர்த்துச் சொல்லியிருக்கார். தன்னாலதான் நான் தோத்தேன்னு இத்தனை வருஷம் யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்தார்."

அன்று அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. "இது அரை, அது அரை" என்றேன். "இன்னும் அரைக் கிலோ இருக்கேடா."

"அது நான்" என்றான். குரல் இறங்கிவிட்டது. "மாஸ்டர் ஐம்பது முந்நூறுன்னார். எனக்குப் பயம், அந்தப் படிக்கட்டுல கால் மடங்கினதுலேர்ந்து. உங்க ரெண்டு பேருக்கும் தெரியாம நாற்பத்தொன்பது எண்ணூறுக்கு இறக்கினேன். சுவத்துல பொய்யா எழுதினேன். தராசுல அந்த நம்பரைச் சொன்னப்ப என் பொய்தான் வெளியில வந்துடுச்சுன்னு நினைச்சேன். நீ அஞ்சு வருஷம் அடுப்பு பத்தவைக்காம இருந்த. பஸ் ஸ்டாப்ல நீ ரொட்டி திங்கறதை ஒருநாள் ஜிம்லேர்ந்து வரும்போது பார்த்தேன். உன்னை அப்படிப் பட்டினி போட்டுட்டு, கைக்கு வந்ததை என் பயத்தால கெடுத்துட்டேனேன்னு உன் எதிர்ல உக்காந்து சாப்பிட வாய் வரலைக்கா. அப்புறம் யார் எதிர்லயும் வரலை."

கதவுக்கு அந்தப் பக்கம் அவன் என் மேல் கோபமாக உட்கார்ந்திருக்கிறான் என்று நான் இந்தப் பக்கம் அழுதுகொண்டிருந்தேன். அவன் அங்கே தன் மேல் உள்ள வெட்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறான். மாஸ்டர் ஊரின் இன்னொரு மூலையில் தன் பங்குக்கு. மூன்று பேரும் மூன்று அறையில், ஆளுக்கு அரைக் கிலோவை வைத்துக்கொண்டு. ஒருத்தர் ஒரு வார்த்தை பேசியிருந்தால் என் தம்பிக்குப் பத்தாவது ரவுண்டிலும் கால் இருந்திருக்கும். ஒரு பெண் பையைத் தூக்கிக்கொண்டு போயிருக்க மாட்டாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"முட்டாள்" என்றேன்.

"ஆமா" என்றான்.

"உன்னைச் சொல்லலை. மூணு பேரையும் சொல்றேன்."

எழுந்து அடுப்படிக்குப் போய் இன்னொரு தட்டை எடுத்தேன். கை நீட்டி வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுவானோ என்று பயந்து அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டேன். திரும்பி வந்தபோது துணி மூட்டை மேலேயே உட்கார்ந்திருந்தான். என் தட்டில் முட்டையைக் காணோம். அவன் கன்னம் உப்பியிருந்தது, நல்ல கண்ணிலும் மங்கின கண்ணிலும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"உப்பு கம்மி" என்றான்.

பதினான்கு வருடம் கழித்து வந்து உப்பு கம்மியாம். திட்டிக்கொண்டே இன்னொன்று அவிக்கப் போனேன்.